குமிழி இல்லாத பாட்டில்

அந்தத் தெருவில் அவரை எல்லாரும் பாட்டில்காரர் என்றுதான் சொல்வார்கள். பாட்டில் என்றதும் வேறு எதையும் நினைத்துவிட வேண்டாம். மனிதர் காப்பியைத் தாண்டி எதையும் தொடாதவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வெள்ளை வேனில் வருவார். தோளில் சின்ன பம்பு, கையில் ஐஸ் பெட்டி, பெட்டிக்குள் விரல் நீளத்தில் கண்ணாடி பாட்டில்கள். முதல் தடவை வந்தபோது முனைக்கடை முடிதிருத்துபவர் ஐஸ்கிரீம்காரர் என்று நினைத்து, "வெனிலா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஜோக்கை அவர் இன்னும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்பார். பாட்டில்காரரும் ஒவ்வொரு தடவையும் சிரித்து வைப்பார். சிரிக்காவிட்டால் புரியவில்லையோ என்று இன்னொரு தடவை சொல்லிவிடுவாரே என்ற பயம்தான்.

மண்ணுக்குள் ஒழுகிப்போன பெட்ரோல் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. தெருக்கோடியில் ஒரு காலத்தில் பெட்ரோல் பங்க் இருந்தது. தரைக்கு அடியில் இரும்புத் தொட்டிகளைப் புதைத்து, மேலே சிமென்ட் பூசி, வியாபாரம் ஜாம்ஜாம் என்று நடந்தது. மண்ணில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் காலுக்குக் கீழே பார்க்க நேரம் ஏது? தொட்டி எந்த வருஷம் ஓட்டையானது என்பது யாருக்கும் தெரியாது. பக்கத்து வீடுகளின் போர் தண்ணீரில் வாடை வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே தொட்டியைத் தோண்டியபோது கிளம்பியது. பங்க்காரர் கதவைச் சாத்திக்கொண்டு ஊரைவிட்டே போனார். தொட்டிகளைப் பிடுங்கி எடுத்துக் குழியை மணலால் மூடினார்கள். இப்போது அங்கே இடுப்பளவு களை நிற்கிறது. கீழே தண்ணீரோடு கலந்தது மட்டும் போவேனா என்று உட்கார்ந்திருக்கிறது.

அது குறைகிறதா, நகர்கிறதா என்று பார்க்க அந்த மனையைச் சுற்றி ஐந்து இடங்களில் குழாய் இறக்கியிருந்தார்கள். தரையோடு தரையாக ஒரு இரும்பு மூடி, அதைத் திறந்தால் கை நுழையாத குழாய், அவ்வளவுதான். பாட்டில்காரர் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து முதலில் அளவுநாடாவை இறக்குவார். அதன் முனை தண்ணீரைத் தொட்டதும் நாடா கீச்சென்று கத்தும், நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்வார். பிறகு பம்பு போட்டுக் குழாயில் தேங்கி நின்ற பழைய தண்ணீரை வெளியே எடுப்பார். அதைக் கீழே கொட்டக்கூடாது. வேனில் இருக்கும் நீலப் பீப்பாயில் சேர்த்து, சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். மண்ணிலிருந்து புதுத் தண்ணீர் ஊறி வந்த பிறகுதான் பாட்டிலைத் திறப்பார். வழியும் அளவுக்கு நிரப்பி மூட வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் போச்சு, தண்ணீரில் இருக்கும் பெட்ரோல் அதில் ஏறிக்கொண்டு சோதனைக்கு அகப்படாது. மூடிய பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, விரலால் சுண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குமிழி ஓடினால் அந்த பாட்டில் வீண். கண் முன்னைப் போல் இல்லாததால் இப்போதெல்லாம் ஒரே பாட்டிலை மூன்று நான்கு தடவை திருப்புகிறார்.

இந்தத் தொழிலில் சில விதிகள் உண்டு. சுத்தமான குழாயில் தொடங்கி அழுக்கான குழாயில் முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அழுக்கு கையோடு வந்துவிடும். அடுத்தது, வேலைக்குப் போகிற அன்று வண்டிக்குப் பெட்ரோல் போடக்கூடாது, முதல் நாளே போட்டுக்கொள்ள வேண்டும். கையில் ஒட்டிய ஒரு சொட்டின் வாடை போதும், நல்ல தண்ணீரைக் கெட்ட தண்ணீராகக் காட்ட. இன்னொன்று, தெருவில் யார் என்ன கேட்டாலும், "முடிவு வந்ததும் அலுவலகத்துல சொல்லுவாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. மற்றதையெல்லாம் இந்த மனிதர் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்துவிடுவார். இந்தக் கடைசி விதிதான் அவருக்குக் கஷ்டம்.

வாலிபத்தில் அவரே ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவர். இதே பங்கிலா என்று கேட்பீர்கள். இல்லை. கதைக்கு வசதியாக யாருக்கும் வாழ்க்கை அமைவதில்லை. அது வேறு சாலை, வேறு பங்க். அங்கே நின்று நின்று மூக்கு போயிற்று. கல்யாணமான புதிதில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்; பால் பொங்கி, வற்றி, கரிந்து, பாத்திரமே கறுத்துப் போன பிறகும் தலையைத் தூக்கவில்லை. மாமியார் வந்து பார்த்துவிட்டு, "மூக்கும் முழியுமா மாப்பிள்ளை வேணும்னு கேட்டேன். இதுல ஒண்ணுதான் வேலை செய்யுது" என்றாராம். அன்றிலிருந்து அவர் மூக்கு மனைவியிடம் இருக்கிறது. சாயங்காலம் கழற்றிப் போடும் சட்டையை அவள் மோந்து பார்த்து, "இன்னிக்கு மோசமான இடமோ?" என்பாள். சரியாக இருக்கும்.

பங்குக்குப் பிறகு கொஞ்ச காலம் துளை போடும் வண்டியில் எடுபிடியாக இருந்தார். அதில் முதுகு போனது. அப்புறம்தான் இந்த பாட்டில் வேலை. இதில் முழங்கால் போய்க்கொண்டிருக்கிறது. உடம்பில் ஒவ்வொரு உறுப்பாக ஒவ்வொரு வேலைக்குக் கொடுத்தாகிவிட்டது என்று அவர் சொல்வதுண்டு. சொல்லும்போது சிரிப்பார், ஆனால் அது சிரிக்கச் சொல்வதில்லை. அவரைச் சோர வைத்தது முழங்கால் வலிகூட அல்ல. தச்சர் ஒரு நாற்காலியைச் செய்து முடித்தால் அதில் உட்கார்ந்து பார்க்கலாம். இவர் எதை முடித்தார்? இத்தனை வருஷத்தில் அவர் போய்வந்த இடங்களில் வேலை முடிந்தது என்று மூடியது ஒன்றோ இரண்டோ. மற்றதெல்லாம் சாண் ஏறினால் முழம் சறுக்கும். ஒரு இடமாவது தம் கையால் சுத்தம் என்று சொல்லி முடிய வேண்டும், ஓய்வு பெறுவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை இருந்தது. அந்த ஒன்று இந்தத் தெருவாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

அதற்குக் காரணம் செடிக்காரம்மா.

பழைய பங்க் மனைக்கும் அந்த அம்மாள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான். அந்த மதிலை ஒட்டி இருப்பது முதல் குழாய். முன்பெல்லாம் வீட்டைச் சுற்றிக் கன்றுகளாக இருக்குமாம். ரோஜா, எலுமிச்சை, மாதுளை என்று எங்கெங்கிருந்தோ வந்து வாங்கிப் போவார்களாம். பெட்ரோல் விவகாரம் வந்ததும் தெருவில் எல்லா போருக்கும் முத்திரை வைத்தார்கள். செடிக்காரம்மா வீட்டு மோட்டாரின் சுவிட்ச் பெட்டியிலும் கம்பி சுற்றி ஈயம் வைத்துப் போனார்கள். அதற்குப் பிறகு லாரித் தண்ணீர்தான். லாரித் தண்ணீர் சமையலுக்கும் குளியலுக்கும் சரியாகப் போகும். செடிக்கு யார் கொடுப்பார்கள்? தோட்டம் சுருங்கிச் சுருங்கி வாசல்படியில் நாலு தொட்டியாக நின்றது. பிள்ளை வேறு ஊரில் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் இருக்கிறான். நல்ல பிள்ளைதான். வாரா வாரம் போன் பண்ணி, "அங்க என்னம்மா இருக்கு, இங்க வந்துடு" என்பான்.

"வரேன்னு சொல்லிட்டேன் தம்பி" என்று ஒருநாள் செடிக்காரம்மா பாட்டில்காரரிடம் சொன்னார். "இந்த வருஷம் முடியறதுக்குள்ள போரைத் திறந்துட்டா இருப்பேன். இல்லேன்னா வீட்டைக் குடுத்துட்டு வந்துடறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அஞ்சாவது மாடில நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. மண்ணைத் தொடணும்னா லிஃப்டுல இறங்கணும்."

திறப்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. தொடர்ந்து நான்கு தடவை தண்ணீர் சுத்தம் என்று வந்தால் முத்திரையை எடுத்துவிடுவார்கள். நடுவில் ஒரு தடவை கெட்டாலும் மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை சுத்தம் என்று வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது தடவையும் சுத்தம் என்று வந்தபோது பாட்டில்காரருக்கே தம்மை நம்ப முடியவில்லை. அன்று வேறு இடத்துக்குப் போகிற வழியில், வேலையே இல்லாமல், வேனை அந்தத் தெருவுக்குத் திருப்பினார். செடிக்காரம்மா டீ போட்டுக் கொடுத்தார்.

"இனிமே பயம் ஒண்ணும் இல்லையே தம்பி?"

அலுவலகத்தில் சொல்லுவாங்க என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். வாயில் அந்த வார்த்தை இருக்கத்தான் செய்தது. ஆனால் அன்று கால் வலி, வெயில், அத்தனை வருஷ அலுப்பு, அந்த அம்மாள் முகம், எல்லாம் சேர்ந்துகொண்டது. யாருக்காவது ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது.

"இனி என்னக்கா, முடிஞ்ச மாதிரிதான்" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான்காவது தடவைக்கு முதல் நாள் இரவு அவர் பெட்ரோல் போட மறந்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனார். காலையில் வேனைக் கிளப்பினால் முள் அடியில் கிடக்கிறது. வழியில் ஒரு பங்கில் நிறுத்தினார். அங்கே இருந்த பையன் வேறு வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் பழக்க தோஷத்தில் குழாயைத் தாமே எடுத்துப் போட்டுக்கொண்டார். சட்டைக் கையில் ரெண்டு சொட்டு விழுந்தது. சோப்புப் போட்டுக் கழுவினார், புதுக் கையுறை போட்டுக்கொண்டார், மனதைத் தேற்றிக்கொண்டார். சுத்தமான குழாயில் தொடங்க வேண்டுமே, அதனால் மதிலோரக் குழாயில்தான் முதலில் கை வைத்தார். மழை பெய்து ஓய்ந்த சமயம். நீர்மட்டம் ஏறியிருக்க வேண்டும். நாடாவோ வழக்கத்தைவிட ஒரு சாண் கீழே போய்த்தான் கத்தியது. நாடாவுக்கும் வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு எழுதிக்கொண்டார். மதிலுக்கு மேலே செடிக்காரம்மாவின் தலை தெரிந்தது.

"அடுத்த தடவை வரும்போது சாவகாசமா வாங்க தம்பி. ஒரு சமாசாரம் இருக்கு" என்று சிரித்தார்.

பத்து நாள் கழித்து சோதனைச்சாலைப் பெண் போன் பண்ணினாள். வழக்கமாக முடிவை அலுவலகத்துக்கு அனுப்புவதோடு சரி. இவருக்குப் போன் பண்ண வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

"அண்ணா, அந்த முதல் குழாய் எதிர்பார்க்காத அளவுக்கு வந்திருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல. எப்பவும் அதுதானே சுத்தமா இருக்கும்? அதான் ஒரு வார்த்தை சொல்லலாம்னு."

அவருக்கு முதலில் பயம் வந்தது. அடுத்து சட்டைக் கையில் விழுந்த சொட்டு ஞாபகம் வந்தது. பயந்தவருக்கு அங்கேதான் ஒரு நிம்மதி வந்தது. தப்பு மண்ணில் இல்லை, தம் கையில்! அப்படியானால் இந்த முடிவு செல்லாது, மறுபடி எடுக்கலாம். குற்றம் தன்னுடையதாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ இல்லையோ, அன்று அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர், ஆனாலும் மரியாதை தெரிந்தவர். சொட்டு விழுந்த கதையைக் கேட்டுவிட்டு முடிவுத் தாளை மறுபடி புரட்டினார்.

"சார், வேனில கூட ஒரு சுத்தத் தண்ணி பாட்டில் போயிட்டு வருமே, அதுல ஒண்ணும் வரலையே. வாடை ஏறியிருந்தா அதுலயும் ஏறியிருக்கணும் இல்ல?"

"அது மூடியிருந்த பாட்டில் சார். நான் கையால நிரப்பினது இதுதான். தப்பு என்னோடதுதான்."

"எழுதிக் குடுத்துடுவீங்களா? உங்க பேர்ல ஒரு கரும்புள்ளி விழும். இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவை."

எழுதிக் கொடுத்தார். ஓய்வு பெறுகிற வயதில் பெயரில் ஒரு புள்ளி. வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை முடித்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்குச் சட்டையை நான் மோந்து பாத்தேனே" என்றாள். "லேசாத்தான் இருந்தது. கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவியிருப்பீங்க. எனக்கென்னமோ நீங்க இல்லேன்னுதான் தோணுது."

"நானா இருந்தா நல்லதும்மா."

"இதென்ன கூத்து. திருடினேன்னு சொல்லி வலியப் போய் ஜெயிலுக்குள்ள உக்கார்ற மாதிரி இருக்கு."

அவள் எழுந்து போய் அவருக்குத் தோசைக்கல்லைப் போட்டாள்.

மறுபடி எடுக்க அனுமதி வந்ததும், முதல் நாளே பெட்ரோல் போட்டு, துவைத்த சட்டையைப் பையில் சுற்றிக் கொண்டுபோய்ப் போகிற இடத்தில் மாற்றிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி இறங்கினார். முடிதிருத்துபவர் வெனிலா கேட்டார். சிரித்தார். மதிலோரக் குழாயின் மூடியைத் திறந்து நாடாவை இறக்கினார். போன தடவையைவிடக் கீழே போய்க் கத்தியது. புது நாடா அது. அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்தது.

குறித்துக்கொள்வதற்குள் கத்தல் நின்றது. முனை தண்ணீரில் இல்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினார், கத்தியது, நின்றது. கண்ணெதிரே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் குழாயில் தானாக எதுவும் இறங்காது. யாரோ பக்கத்தில் இழுக்க வேண்டும். முழங்காலை ஊன்றியபடி அப்படியே இருந்தார். அப்போதுதான் அது காதில் விழுந்தது. மூக்கு போனாலும் காது இருக்கிறதே. மதிலுக்கு அந்தப் பக்கம், ஈ முனகுகிற மாதிரி ஒரு சத்தம். மோட்டார்.

சுற்றிக்கொண்டு போனார். கதவைத் திறந்ததும் செடிக்காரம்மா கைகொட்டிச் சிரித்தார். வாசலில் இருந்த நாலு தொட்டி எங்கே? முற்றம் முழுக்கக் கன்றுகள். கறுப்புப் பையில் வரிசையாக எலுமிச்சை, மாதுளை, இன்னும் இலைவிடாத ரோஜாக் குச்சிகள். ஒரு ரப்பர் குழாய் அவற்றின் நடுவே சலசலத்துக்கொண்டு கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் ஈரம்.

"நீங்க பேசாதீங்க, நானே சொல்றேன்" என்றார் அந்த அம்மாள். "முத்திரையை நான் தொடலை. அது அப்படியே இருக்கு, வேணும்னா பாருங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வேற ஒயர் இழுத்தேன். நீங்கதான் முடிஞ்ச மாதிரின்னு சொன்னீங்களே. விதை போட்டாத்தானே வருஷக் கடைசில கன்னு நிக்கும்? பிள்ளைக்குக் காட்ட வேணாமா? குடிக்கலை, பயப்படாதீங்க. முதல் தம்ளர் உங்களுக்குத்தான்னு வெச்சிருந்தேன்."

உள்ளே போய் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பளிங்கு மாதிரி இருந்தது. பாட்டில்காரர் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அது ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எப்போதோ சொல்வதை நிறுத்திவிட்டதே.

"நீங்க மோந்து பாருங்கக்கா."

"பாத்தாச்சு. ஒரு வாசமும் இல்ல. ஏன் தம்பி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

அவர் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு பூந்தொட்டியின் மேல் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போன தடவை கெட்டுப்போய் வந்ததை, தம் கைதான் காரணம் என்று எழுதிக் கொடுத்ததை, இப்போது நாடா இறங்கியதை. "பெட்ரோல் போகலைக்கா. தொட்டி இருந்த குழிக்குக் கீழேயே இருந்திருக்கு. யாரும் இழுக்கலை, அதனால அங்கயே கிடந்தது. நீங்க மோட்டார் போட்டதும் இந்தப் பக்கம் வர ஆரம்பிச்சிருக்கு."

செடிக்காரம்மா ரப்பர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்காதவர் அல்ல, மந்தமும் அல்ல.

"அப்போ நான் எடுக்காம இருந்திருந்தா, நாலாவது தடவையும் சுத்தம்னு வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

"போரைத் திறந்திருப்பாங்க."

"ஆமா."

"திறந்ததும் தெருவே மோட்டார் போட்டிருக்கும். எல்லாரும் குடிச்சிருப்போம்."

அவர் தலையாட்டினார். யாரும் தொடாதவரைக்கும்தான் அந்தத் தண்ணீர் சுத்தம். அத்தனை வருஷம் முழங்கால் தேய்ந்தது அதைக் கண்டுபிடிக்கத்தானா என்று அவருக்கு அழுகை வந்தது. அழவில்லை. அந்த அம்மாள் எதிரில் அழ அவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. என்னை மன்னிச்சுடுங்க."

"அன்னிக்கு நீங்க அப்படிச் சொல்லலேன்னா நான் குடிச்சிருப்பேனே" என்றார் செடிக்காரம்மா. ஆறுதலுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னது போலத்தான் இருந்தது. எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சின் மேல் விரலை வைத்தார். வைத்தவர் அழுத்தவில்லை.

"இப்ப நிறுத்தினா என்ன ஆகும் தம்பி?"

"கொஞ்ச நாள்ல தண்ணி பழைய இடத்துக்கு வந்துடும்."

"அதுக்கப்புறம் நீங்க வந்து எடுத்தா?"

"சுத்தம்னு வரலாம்."

"போன தடவை உங்க கைத்தப்புன்னு ஏற்கெனவே எழுதிக் குடுத்தாச்சு."

"குடுத்தாச்சு."

முற்றத்தில் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது. அவருக்கும் வழி தெரிந்துவிட்டது. இன்றைக்கு பம்பு பழுது என்று சொல்லிப் போய்விடலாம். ஒரு மாதம் கழித்து வரலாம். தாம் பார்த்து முடித்த ஒரே இடம் என்று ஒன்று இருக்கும். இந்த அம்மாள் குடிக்க மாட்டார், அவருக்குத்தான் தெரியுமே. ஆனால் முடிதிருத்துபவர் குடிப்பார். எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் குடிப்பார்கள். ஆசைப்பட்டது உண்மை. அதை மறைத்து அவரை மகான் ஆக்க எனக்கு இஷ்டமில்லை. தம்ளரைப் பிடித்த கை அலுத்துப்போகும்வரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்தட்டுமா, ஓடட்டுமா?" என்று செடிக்காரம்மா கேட்டார். விரல் சுவிட்சிலேயே இருந்தது.

"ஓடட்டும்க்கா" என்றார். "நான் எடுத்து முடிக்கிறவரைக்கும் ஓடட்டும்."

அந்த அம்மாள் விரலை எடுத்துக்கொண்டார். பாட்டில்காரர் எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது, செடிக்காரம்மா கைகொடுத்துத் தூக்கிவிட்டார். கையிலிருந்த தம்ளரை எங்கே கொட்டுவது என்று இருவரும் ஒரு கணம் சுற்றிப் பார்த்தார்கள். செடிக்கு ஊற்ற மனம் வரவில்லை, மண்ணில் ஊற்றவும் வரவில்லை. கடைசியில் பாட்டில்காரர் அதை ஏந்திக்கொண்டே வேன்வரை நடந்து, நீலப் பீப்பாயின் மூடியைத் திருகித் திறந்து உள்ளே கொட்டினார். தம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அதையும் போட்டுவிட்டார்.

மதிலோரத்தில் பம்பை இறக்கிப் பழைய தண்ணீரை எடுத்தார். செடிக்காரம்மா கூடவே வந்து நின்றார். இத்தனை வருஷமாக மதிலுக்கு மேலே தலையை மட்டும் காட்டியவர், இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் வந்து பார்க்கிறார். பாட்டில்காரர் பாட்டிலை நிரப்பி, மூடி, தலைகீழாகத் திருப்பிச் சுண்டினார். வெளிச்சத்தில் பிடித்தார். கண் கலங்கியிருந்ததில் எல்லாமே குமிழியாகத் தெரிந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி.

"என்ன பாக்கறீங்க?"

"உள்ள காத்து இருக்கான்னு. இருந்தா சரியா காட்டாதுக்கா. கம்மியாக் காட்டிடும்."

"நான் பாக்கறேன், புடிங்க."

கையுறை ஒன்றை மாட்டிவிட்டு பாட்டிலைக் கொடுத்தார். செடிக்காரம்மா அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, விதை பொறுக்குகிறவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணு ஓடுது தம்பி. சின்னதா. கடுகுல பாதி."

பாட்டில்காரருக்குத் தெரிந்திருக்காது. அந்த அம்மாள் சொல்லாமலே இருந்திருக்கலாம். பாட்டில்காரர் அதை ஒதுக்கிவிட்டு வேறு பாட்டிலை எடுத்து நிரப்பினார். அதையும் செடிக்காரம்மா வாங்கிப் பார்த்தார்.

"இல்ல. இது சரி. வெச்சுக்கோங்க" என்று கொடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றி அவரிடமே நீட்டிவிட்டு, களைக்கு நடுவே தம் வீட்டுக்கு நடந்தார்.

பாட்டில்காரர் நேரத்தையும் நீர்மட்டத்தையும் எழுதி, அதற்குக் கீழே, பக்கத்து மனையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதினார். யார் பேச்சைக் கேட்டு ஓடியது என்பதையும் எழுதினார். எழுதி முடிப்பதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கம் முனகல் நின்றது. கொஞ்ச நேரத்தில் செடிக்காரம்மா போனில் பேசுவது கேட்டது. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"நான்தாம்ப்பா... நல்லா இருக்கேன்... ஒண்ணு கேக்கணும். உன் வீட்டு பால்கனில வெயில் காலையில விழுமா, சாயங்காலம் விழுமா?"